முதல் ஆணி

என் அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் பாஸ்போர்ட், ஞானஸ்நானச் சான்றிதழ், அம்மாவின் மூக்குத்தி இவற்றோடு ஒரு தகரத் தகடும் இருக்கிறது. விரல் நீளம், இரண்டு விரல் அகலம். வெள்ளைப் பெயின்ட் அடித்து, அதன்மேல் நீல எழுத்தில் ஒரு பெயர். ஆணியில் மாட்டுவதற்காக மேலே ஒரு துளை. பெயர் என்னுடையது அல்ல, என் அண்ணியுடையது. அண்ணியிடம் கொடுத்துவிடச் சொல்லித்தான் அதை என்னிடம் தந்தார்கள். இதே சிங்கப்பூரில் நான் இருப்பது தெம்பனிஸில், அண்ணி இருப்பது பொங்கோலில். பஸ் பிடித்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. மாதம் ஒருமுறையாவது போய் வருகிறேன். இருந்தும் நாற்பது வருடங்களுக்கு மேலாக நான் அதைக் கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அந்த டின்னை நான் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் காலாங் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராக இருந்தேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டுகிற வேலை. சாப்பாட்டு நேரம் அரை மணி. பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு மீதி இருபது நிமிடத்தைக் கேரம் ஆட வைத்துக்கொள்வோம். கேன்டீனில் இரண்டு கேரம் போர்டு இருந்தன. அவற்றுக்கு மேலே சுவரில் ஒரு நீளமான மரப்பலகை. அதில் மேலிருந்து கீழாக இருபது ஆணிகள். ஆடுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தகடு. புதிதாக வருகிறவரின் தகடு கடைசி ஆணியில் தொங்கும். உனக்கு நேர் மேலே இருப்பவரைத்தான் நீ சவாலுக்கு அழைக்கலாம். சவால் என்றால் மூன்று ஆட்டம், ஒரு நாளைக்கு ஒன்று. ஜெயித்தால் இரண்டு தகடுகளும் இடம் மாறும். அவ்வளவுதான் சட்டம். மேனேஜருக்குத் தெரிந்தவள், சூப்பர்வைசருக்கு வேண்டியவள் என்ற பேச்சுக்கெல்லாம் அந்தப் பலகையில் இடம் கிடையாது.

பலகையைச் செய்தவர் ஸ்டோர் ஐயா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஸ்டோரில் கிளார்க், பொழுதுபோக்கு மன்றத்துக்குச் செயலாளர். ஒரு திருகாணி குறைந்தாலும் நாளெல்லாம் தேடுகிற மனிதர். பலகைக்கென்று ஒரு சிவப்பு நோட்டு வைத்திருந்தார். யார் யாரோடு ஆடினார்கள், என்ன முடிவு, சாட்சி யார் என்று எல்லாம் அதில் இருக்கும். "பிள்ளை, ஆளைப் பாத்து இடம் குடுக்கிறேல்லை. ஆட்டத்தைப் பாத்துத்தான்" என்பார். அவருக்குக் கேரம் ஆடவே தெரியாது. தனக்குத் தெரியாது என்பதால்தான் தன்னால் நியாயமாக இருக்க முடிகிறது என்று அவர் நம்பினார்.

முதல் ஆணியில் மூன்று வருடமாக என் தகடு தொங்கியது. அது எனக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் சின்னப்புத்தியாக மட்டுமே தெரியும். வீட்டில் நான் எதிலும் முதலாக இருந்ததில்லை. தேக்கா சந்தைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் இரண்டு அறையில் குடியிருந்தோம். ஜன்னலோர மேசை அண்ணனுக்கு. தொடர்ந்து படித்ததும் அண்ணன்தான். நான் உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டோடு நின்று வேலைக்குப் போனேன். யாராவது என்னைப் பற்றிக் கேட்டால் அம்மா, "இவ பரவால்ல" என்பார். திட்டுவதும் இல்லை, மெச்சுவதும் இல்லை. அந்தப் பலகையில் மட்டும்தான் நான் பரவாயில்லை என்பதற்கு மேல் இருந்தேன். காலையில் வேலைக்குள் போகும்போது தண்ணீர் குடிக்கிற சாக்கில் கேன்டீனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

அப்போதுதான் அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. அண்ணி சுவா சூ காங்கில் வளர்ந்தவர். அந்தக் காலத்தில் அங்கே கோழிப்பண்ணையும் தோட்டமுமாக இருக்கும். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர். வந்த மாதத்திலேயே அம்மா மீன் குழம்புச் சட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டார். "கை மணம் சும்மா வராது" என்று என் காதுபடவே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சிரித்துக்கொண்டேன். வீட்டில் சும்மா இருக்கிறாரே என்று தொழிற்சாலையில் சொல்லி வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் அண்ணியின் தகடு இருபதாவது ஆணியில் ஏறியது. "உங்களுக்குக் கேரம் தெரியுமா?" என்று கேட்டேன். "அண்ணன் தம்பிங்க அஞ்சு பேரு லா, ஆடாம இருக்க முடியுமா" என்றார். முதல் வாரம் பத்தொன்பது. அடுத்த வாரம் பதினெட்டு. ஒருநாள் பின்னால் நின்று அவர் ஆடுவதைப் பார்த்தேன். நானெல்லாம் ஸ்ட்ரைக்கரை அடித்தால் போர்டே அதிரும். அண்ணி அடிப்பதே தெரியாது. விரல் அசையும், காய் மெதுவாகப் போய்ப் பாக்கெட்டுக்குள் இறங்கும், ஸ்ட்ரைக்கர் அடுத்த காய்க்குப் பக்கத்தில் போய் நிற்கும். அந்த ஒரு விஷயத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நான் காயைப் போடுவதற்காக ஆடினேன். அவர் அடுத்த காயை யோசித்து ஆடினார். எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது பதினேழு ஆணி அல்ல என்பது அன்று அந்தக் கேன்டீனில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் ஞானோபதேசப் புத்தகத்தில் தலையான பாவங்களில் ஒன்றாகக் காய்மகாரம் என்று வரும். பொறாமைதான். சின்ன வயதில் அதை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன், அது எப்படி இருக்கும் என்று தெரியாது. அது பசி மாதிரி வேளைக்கு வேளை வருகிறது என்று அந்த வருடம் தெரிந்துகொண்டேன். சனிக்கிழமைதோறும் பாவசங்கீர்த்தனத்தில், "ஒருத்தர் மேல பொறாமையா இருக்கு ஃபாதர்" என்பேன். மூன்று முறை 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொல்வார். சொல்வேன். பலகையைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டேன். சொன்னால் ஏதாவது செய்யச் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

அண்ணி மூன்றாவது ஆணிக்கு வந்த வாரம் நான் சூப்பர்வைசரிடம் போய் மாலை ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டேன். அலவன்ஸ் கிடைக்கும் என்று வீட்டில் காரணம் சொன்னேன். அண்ணி காலை ஷிப்ட். ஏழு மணிக்கு உள்ளே போய் மூன்று மணிக்கு வெளியே வருவார். நான் மூன்று மணிக்கு உள்ளே போவேன். எங்கள் சாப்பாட்டு நேரம் இனி ஒன்றாக வரவே வராது. அடுத்த வாரமே அண்ணி இரண்டாவது ஆணிக்கு வந்துவிட்டார். அதற்கு மேல் ஏற வழியில்லை. மாலை ஷிப்டில் என்னைச் சவாலுக்கு அழைக்கும் உரிமை உள்ளவர் யாருமே இல்லை. காலை ஷிப்டில் இருக்கிற எல்லோரும் அண்ணியைத் தாண்டித்தான் என்னிடம் வர வேண்டும். யாராலும் அது முடியவில்லை. ஒரு சட்டத்தையும் மீறாமல் நான் பலகையைப் பூட்டி வைத்துவிட்டேன்.

பெண்கள் சும்மா இருப்பார்களா? கேட்டில் ஷிப்ட் மாறும்போது, "ஒரே வீட்லதான இருக்கீங்க, வீட்லயே ஆடி முடிங்க லா" என்று கிண்டல் செய்தார்கள். ஸ்டோர் ஐயாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. வீட்டில் ஆடி, முடிவை இரண்டு பேரும் வந்து சொன்னால் எழுதிக்கொள்வதாகச் சொன்னார். என் வாய் சும்மா இருக்கவில்லை. "அது எப்படி சார்? கேன்டீன் போர்டுல, ரெண்டு சாட்சி முன்னாடி ஆடினாத்தான் கணக்கு. வீட்டு ஆட்டத்த சேர்த்தா நாளைக்கு ஆளாளுக்கு வந்து ஜெயிச்சேன்னு சொல்லுவாங்க" என்றேன். அவர் சிவப்பு நோட்டைத் திறந்து, வீட்டில் ஆடும் ஆட்டம் கணக்கில் சேராது என்று எழுதி அடிக்கோடு போட்டார். "முதலாவதா இருக்கிற பிள்ளையே இவ்வளவு நேர்மையா யோசிக்குது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் அண்ணி. அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அண்ணன் ஒரு கேரம் போர்டு வாங்கி வந்தான். எனக்காக அல்ல. மூன்று வருடமாக நான் முதல் ஆணியில் இருந்தபோது அவனுக்கு அப்படி ஒரு எண்ணம் வந்ததில்லை. விடுமுறை நாட்களில் அவர்கள் அறைத் திரைக்குப் பின்னால் காய்கள் ஒன்றையொன்று தட்டும் சத்தம் வரும். அண்ணன் தோற்றுவிட்டுச் சிரிப்பான். அம்மாகூட உள்ளே போய் உட்கார்ந்து பார்ப்பார். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து, சத்தத்தை வைத்து எத்தனை காய் போனது என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

மாலை ஷிப்ட் என்பதால் காலையில் நான் வீட்டில் இருப்பேன். அம்மா சந்தைக்குப் போனதும் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய், அந்தப் போர்டில் தனியாக ஆடிப் பழகினேன். அண்ணி ஸ்ட்ரைக்கரை நிறுத்துகிறாரே, அதைச் செய்து பார்த்தேன். பத்துக்கு ஒன்றுதான் வந்தது. முடிந்ததும் பவுடரைத் துடைத்து, காய்களை மைலோ டின்னில் போட்டு இருந்தபடியே வைத்துவிடுவேன். பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு காலை உள்ளே போனபோது, போர்டு கட்டில் மேல் எடுத்து வைத்திருந்தது. நடுவில் சிவப்புக் காய், சுற்றிலும் கறுப்பும் வெள்ளையுமாக அழகாக அடுக்கியிருந்தது. பக்கத்தில் புதுப் பவுடர் டப்பா. எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அதைத் தொடாமல் வெளியே வந்தேன். மறுநாளும் அப்படியே இருந்தது. அதற்கு அடுத்த நாள் ஆடினேன்.

நாங்கள் ஆடியது ஒரு சனிக்கிழமை பிற்பகல். நல்ல மழை. அம்மா மாதா கோயிலுக்கு நொவீனா செபத்துக்குப் போயிருந்தார், அண்ணனுக்குத் துறைமுகத்தில் ஓவர்டைம். அண்ணி திரையை விலக்கி, "சும்மா ஒரு ஆட்டம் போடலாமா?" என்றார். "மூணு போடுவோம்" என்றேன். கேட்டது நான்தான், இன்றும் அது நினைவிருக்கிறது. முதல் ஆட்டத்தில் சமாளித்தேன். கடைசியில் இரண்டு காயில் தோற்றேன். இரண்டாவதில் சிவப்பைத் தொடக்கூட முடியவில்லை. மூன்றாவதில் என் முறை வந்ததே நான்கு தடவைதான். மீதி நேரம் அண்ணியின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்மேல் இரக்கப்பட்டுக் குறைத்து ஆடவும் இல்லை, காட்ட வேண்டுமென்று கூட்டி ஆடவும் இல்லை. அவர் ஆட்டத்தை அவர் ஆடினார். அதுதான் தாங்கமுடியவில்லை. காய்களை எடுத்து டின்னில் போட்டுக்கொண்டிருந்தவரிடம், "திங்கக்கிழம எல்லார்கிட்டயும் சொல்லுவீங்கல்ல?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "எதச் சொல்றது? வீட்டு ஆட்டம் கணக்குல இல்லயே. நீதான ரூல் போட்ட."

குத்திக்காட்டினாரா, காப்பாற்றினாரா? அந்தக் குரலை எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், இன்றுவரை தெரியவில்லை. திங்கட்கிழமை போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. என் தகடு முதல் ஆணியில் இருந்தது. அவர் சொல்லியிருந்தால் ஒரு வாரம் அழுதுவிட்டு விட்டிருப்பேன். சொல்லாததால் தினமும் அந்தப் பலகையைப் பார்க்கும்போது அது அவர் கொடுத்த இடமாகத் தெரிந்தது. அவர் மேல் எனக்கு இருந்த ஆத்திரம் இரண்டு மடங்கானது.

அடுத்த வருடம் தொழிற்சாலைகளுக்கு இடையே கேரம் போட்டி வந்தது. தொழிற்சாலைக்கு ஒருவர், அதாவது முதல் ஆணியில் இருப்பவர். ஸ்டோர் ஐயா என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை, ரெண்டாவது ஆளோட நீ இன்னும் ஆடேல்லை. போட்டிக்குப் போறதுக்கு முதல் ஒருக்கா ஆடினால் என்ன?" என்றார். ஷிப்ட் ஒத்துவரவில்லையே சார் என்றேன். அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். என்னைக் கட்டாயப்படுத்த அதில் ஒரு வரியும் இல்லை. சட்டத்தை மதிக்கிற மனிதர், நோட்டை மூடிவிட்டார். பெண்களெல்லாம் சேர்ந்து எனக்குப் புது ஸ்ட்ரைக்கர் வாங்கிக் கொடுத்தார்கள்.

தோ பாயோவில் ஒரு சமூக மன்றத்தில் போட்டி. அண்ணி லீவு போட்டுவிட்டு, எனக்குச் சோறு கட்டிக்கொண்டு கூடவே வந்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? முதல் சுற்றில் எனக்கு எதிரே ஒரு மலாய்ப் பெண். ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவதில் ஆளுக்கு ஒரு காய் மிச்சம். என் முறை. என் காய் என் பக்கத்துச் சட்டத்தை ஒட்டி, என் கைக்குக் கீழே கிடந்தது. கட்டை விரலால் பின்னுக்கு அடிக்கலாம், அதுதான் என் பழக்கம், ஆனால் கோணம் மோசம். யோசித்தபடி தலையைத் தூக்கியபோது எதிர்வரிசையில் அண்ணி தெரிந்தார். அவர் பார்வை போர்டின் எதிர்ச் சட்டத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. மடியில் இருந்த கையில் ஆள்காட்டி விரல் ஒருமுறை சுண்டியது. எனக்குச் சொல்லித்தர அல்ல, அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவர் பாட்டுக்கு அந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரைக்கர் எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி வந்து தட்டினால் காய் நேராகப் பாக்கெட்டுக்குப் போகும். பார்த்த கணமே அதுதான் சரி என்று தெரிந்தது. அந்த அடி எனக்கு வரும், காலை நேரங்களில் வீட்டுப் போர்டில் பழகியதுதான். ஆனால் அது அண்ணியின் அடி. அதை அடித்து ஜெயித்தால் ஜெயித்தது யார்? நான் கட்டை விரலால் அடித்தேன். காய் பாக்கெட்டின் வாய்வரை போய் நின்றது. அடுத்த அடியில் அந்தப் பெண் முடித்துவிட்டாள். பின்வரிசையில் எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் எட்டுப் பேர் கைதட்டத் தயாராக எழுந்து நின்றிருந்தார்கள். அப்படியே உட்கார்ந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணி சோற்று டப்பாவை என் மடியில் வைத்தார். எலுமிச்சம் சாதமும் முட்டையும். சிராங்கூன் ரோடு வந்தபோது அவர், "எதிர்க் கட்டையில அடிச்சு வந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "தெரியும்" என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். தெரிந்தேதான் நான் அதை அடிக்கவில்லை என்பது அப்போது அவருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எனக்காகக் காய் அடுக்கி வைக்கவில்லை.

சில மாதங்களில் அண்ணி உண்டானார், வேலையை விட்டார். போகிறவரின் தகட்டைக் கழற்றிவிட்டு, கீழே இருப்பவர்களை ஒவ்வொரு ஆணி மேலே ஏற்றுவது வழக்கம். ஸ்டோர் ஐயா இரண்டாவது ஆணியிலிருந்து தகட்டைக் கழற்றித் துடைத்து என்னிடம் தந்தார். "அண்ணியிட்ட குடுத்துவிடு பிள்ளை. ஒரு ஆட்டமும் தோற்காமல் ரெண்டாவதா போன ஆள் இவ ஒருத்திதான்" என்றார். அவர் கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, எங்கே என்று நோட்டில் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம், தொழிற்சாலை இடம் மாறும்வரை, நான்தான் முதல். கடைசி நாளில் என் தகட்டையும் கழற்றிக்கொண்டு வந்து அதே டின்னின் அடியில் போட்டேன்.

போன வாரம் பொங்கோலுக்குப் போயிருந்தேன். அண்ணியின் பேத்தி ஏதோ சண்டை விளையாட்டு ஆடுகிறாள். திரையில் இரண்டு உருவங்கள் ஒன்றையொன்று உதைக்கும், குத்தும். இதற்குப் போட்டியெல்லாம் இருக்கிறதாம், ஆயிரக்கணக்கான பேர் வரிசைப்பட்டியலில் இருக்கிறார்களாம். பெரிய ஆளை ஜெயித்தால் நிறையப் புள்ளி, சின்ன ஆளை ஜெயித்தால் கொஞ்சம் என்று விளக்கினாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "மேல இருக்கிற ஆள் ஆடவே இல்லன்னா?" என்று கேட்டேன். "ஆடாம இருந்தா ரேங்க் தானா எறங்கிடும் பாட்டி. இல்லன்னா எல்லாரும் மேல போய் ஒளிஞ்சிக்குவாங்க லா" என்றாள். அண்ணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "எங்க காலத்துல அந்த ரூல் இல்ல" என்றார். கத்தி ஒரு நிமிடம் நின்று, மறுபடி நறுக்கத் தொடங்கியது.

வீட்டுக்கு வந்ததும் டின்னைத் திறந்து இரண்டு தகடுகளையும் எடுத்தேன். அலமாரிக் கதவின் உள்பக்கம் செபமாலை மாட்டுவதற்கு ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு ஆணி அடித்து வைத்திருக்கிறேன். மேல் ஆணியில் அண்ணியின் தகடு. கீழ் ஆணியில் என்னுடையது. நின்று பார்த்தேன். எழுபது வயதைத் தொடப் போகிறேன், முழங்கால் வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், அப்போதும் வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் மாற்றி மாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணி சாப்பிட வருவதாகச் சொல்லியிருக்கிறார். அலமாரிக் கதவைச் சாத்தி, சாவியைத் திருப்பினேன்.